துவக்கும் அனுமதிப்பத்திரமும்

வன்னிக் கிராமங்களிலோ கிழக்கிலங்கைச் சேனைகளிலோ இரவுக் காவலிருந்து பழகியவர்களுக்குத் துவக்கு என்பது புதுமையான பொருளன்று. பரண்மீது ஒரு விளக்கு. பக்கத்தில் ஒரு தகரப் பேணி. கையெட்டும் தூரத்தில் ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு. காட்டுப்பன்றி சோளத்துள் இறங்கிவிட்டால் முதலிற் பேணியைத் தட்டுவார்கள். அதற்கு அஞ்சாவிடின் வானை நோக்கி ஒரு வெடி. அதற்கும் அசையாத பன்றிக்குத்தான் அடுத்த வெடி. அத்துவக்குக்குரிய அனுமதிப்பத்திரம் வீட்டிலே றங்குப் பெட்டிக்குள், காணி உறுதிகளோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆண்டு முடியுந் தறுவாயிற் கச்சேரிக்குச் சென்று அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச்சட்டம் வகுத்த முறை அது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

இவ்வாறு கச்சேரி வாசலிற் காத்து நிற்கும் ஒரு கமக்காரர், கையிலுள்ள பத்திரிகையை விரித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழும்புப் பக்கத்திலே மோட்டார்ச் சைக்கிளில் வந்த இருவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தப்பியோடினர் என்று செய்தி. "நான் இங்கே நிற்கிறேன், சுட்டவன் எந்தக் கச்சேரியில் நின்றான்?" என்று அவர் கேட்டால், அக்கேள்வியை எளிதிலே தள்ளிவிட முடியாது. சட்டத்துக்கு அடங்கியவனையே சட்டம் வருத்துகின்றது. அடங்காதவனை அது தொடுவதுமில்லை என்ற இவ்வழக்கு உலகின் பல நாடுகளிற் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. சட்டப்படி வைத்திருக்கப்படும் துப்பாக்கிகள் குற்றத்தை வளர்க்கின்றனவா, அன்றி அவற்றுக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லையா என்பதனையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

நமது சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியிற் பிறந்தது. ஆதலால் ஆங்கிலேயர் தம் நாட்டிலே இவ்விடயத்தை எவ்வாறு கையாண்டனர் என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். இன்று உலகிலே கடுமையான துப்பாக்கிச் சட்டங்களை உடைய நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படும் பிரித்தானியாவில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கட்டுப்பாடே இருக்கவில்லை என்றால் வியப்பாக இருக்கலாம். 1689 ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், புரொட்டஸ்தாந்து சமயக் குடிகள் தம் பாதுகாப்புக்காகச் சட்டம் அனுமதிக்கும் அளவிலே ஆயுதம் வைத்திருக்கலாம் என்று கூறியிருந்தது. 1870 இல் வந்த துப்பாக்கி அனுமதிச் சட்டம் உண்மையில் ஒரு வரிச் சட்டம். 10 சிலிங் கட்டினால் எவரும் தபாற் கந்தோரிலே அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம்; பெறுபவர் எத்தகையவர் என்று கேட்பாரில்லை. 1903 இல் கைத்துப்பாக்கி விற்பனைக்குச் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவையும் பெயரளவிலானவையே.

அக்காலத்து இலண்டன் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 1909 ஜனவரி 23 இல், வட இலண்டனைச் சேர்ந்த தொட்டன்ஹாமில், தொழிற்சாலைச் சம்பளப் பணத்தைக் கொள்ளையிட்ட இருவரைப் பொலிஸார் மைல்கணக்காகத் துரத்திச் சென்றனர். கொள்ளையர் சுட்டுக்கொண்டே ஓடினர். ஒரு காவலரும் ஒரு சிறுவனும் உயிரிழந்தனர். பொலிஸாரிடம் போதிய ஆயுதம் இருக்கவில்லை. அவர்கள் வழியிற் சென்ற பொதுமக்களிடம் கைத்துப்பாக்கிகளை இரவல் வாங்கிக்கொண்டு துரத்தினர்! தெருவிற் போகிறவரின் சட்டைப்பையிலே கைத்துப்பாக்கி இருக்கும் என்று பொலிஸ்காரர் எதிர்பார்க்கக்கூடிய நகரமாக அன்று இலண்டன் இருந்தது. அவ்வாறிருந்தும் அந்நகரிலே துப்பாக்கிக் குற்றங்கள் அரிதாகவே நிகழ்ந்தன. கட்டுப்பாட்டை எதிர்ப்போர் இன்றும் எடுத்துக் காட்டும் செய்தி இது. அவர்கள் கூற்றிலே ஓரளவு உண்மை உண்டு என்பதனை மறுப்பதற்கில்லை.

முதலாவது உண்மையான கட்டுப்பாடு 1920 இலே வந்தது. அதற்குக் காரணமும் குற்றமன்று. முதல் உலகப்போர் முடிந்து இலட்சக்கணக்கான வீரர்கள் ஆயுதப் பயிற்சியோடு வீடு திரும்பியிருந்தனர். உருசியாவிலே புரட்சி வெற்றி பெற்றிருந்தது. அயர்லாந்து கொந்தளித்துக் கொண்டிருந்தது. கள்வருக்கு அஞ்சியதிலும் கலகத்துக்கு அஞ்சியே அமைச்சரவை அச்சட்டத்தைக் கொண்டுவந்தது என்பதை அக்கால அமைச்சரவைக் குறிப்புகள் காட்டுகின்றன. துப்பாக்கி வேண்டுவோர் 'தகுந்த காரணம்' காட்டிப் பொலிஸ் அதிபரிடம் சான்றிதழ் பெறவேண்டும் என்று சட்டம் விதித்தது. வீட்டைக் காக்க வேண்டும் என்பது தொடக்கத்திலே தகுந்த காரணமாகவே கொள்ளப்பட்டது. சிறிது சிறிதாக அந்த வாயில் ஒடுங்கி, இரண்டாம் உலகப்போர் முடிந்த அடுத்த ஆண்டில், தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கேட்பதைத் தாம் தகுந்த காரணமாகக் கருதப்போவதில்லை என்று உள்நாட்டமைச்சர் பாராளுமன்றத்திற் கூறுமளவுக்கு வந்துவிட்டது. 'தகுந்த காரணம்' என்ற சொற்கள் மாறாமலே அவற்றின் பொருள் மாறிவிட்டமை கவனிக்கத்தக்கது.

1972 இல் கொலின் கிரீன்வுட் என்ற பொலிஸ் அதிகாரி இவ்வரலாறு முழுவதையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்திலும் வேல்சிலும் துப்பாக்கிச் சட்டங்கள் ஆயுதக் குற்றங்களைக் குறைத்தன என்பதற்குச் சான்று மிகச் சிறிது என்பதே அவர் கண்ட முடிபு. குற்றஞ் செய்பவன் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதில்லை; விண்ணப்பிப்பவன் பெரும்பாலும் குற்றஞ் செய்வதில்லை என்பது அவர் வாதத்தின் உட்பொருள். பொலிஸ் உடை தரித்த ஒருவரே இவ்வாறு கூறியமையால் அது பலராலும் மேற்கோளாகக் கொள்ளப்பட்டது. அவருடைய ஆராய்ச்சி நேர்மையானது. எனினும் அது அன்றாடக் கொள்ளையையும் திருட்டையும் அளந்த ஆராய்ச்சி. அதற்கு அப்பால் நிகழக்கூடிய ஒன்றை அந்த அளவுகோல் அளக்கவில்லை.

அது 1987 ஆகஸ்ட் 19 இல் ஹங்கர்ஃபோர்ட் என்ற சிற்றூரிலே நிகழ்ந்தது. சான்றிதழோடு துப்பாக்கிகள் வைத்திருந்த ஒரு மனிதன் 16 பேரைச் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டிலேயே, தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் பெருஞ் சுழற்குழற் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்படவில்லை. 1996 மார்ச் 13 இல் ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் என்ற ஊர்ப் பாடசாலையுள், ஐந்தும் ஆறும் வயதான குழந்தைகள் 16 பேரும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். கொலையாளியிடமிருந்த நான்கு கைத்துப்பாக்கிகளும் சட்டப்படி சான்றிதழ் பெற்றவை.

இவ்விடத்திலே சற்று நின்று பார்க்கவேண்டும். அம்மனிதனைப் பற்றி ஊரிலே பல முறைப்பாடுகள் இருந்தன. கொலைக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே, 1991 இல், ஒரு பொலிஸ் சார்ஜன்ட், இவன் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவன், இவனுடைய சான்றிதழை நீக்க வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பியிருந்தார். அக்குறிப்பின்மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. சான்றிதழ் பின்னரும் புதுப்பிக்கப்பட்டது. விசாரணை நடத்திய கலன் பிரபு தம் அறிக்கையிலே இவற்றையெல்லாம் விரிவாக எடுத்துக் கூறினார். சட்டத்திலே துப்பாக்கியை மறுப்பதற்கு அதிகாரம் இருந்தது. அதனைப் பயன்படுத்துவதற்குத்தான் எவருக்கும் துணிவு வரவில்லை.

கலன் பிரபு முழுத் தடையை வேண்டவில்லை. ஆனால் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அவர்களுக்காகத் திரண்ட பொதுமக்களும் அதற்குக் குறைந்த எதனையும் ஏற்க ஆயத்தமாக இருக்கவில்லை. 1997 இல் இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது பெரிய கைத்துப்பாக்கிகளையும், இரண்டாவது எஞ்சியிருந்த சிறியவற்றையும் தடைசெய்தன. ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகள் நட்டஈட்டோடு ஒப்படைக்கப்பட்டன. ஒலிம்பிக் போட்டிக்குப் பயில்கிறவர்கள்கூட வேறு நாடு சென்று பயில வேண்டியதாயிற்று.

இனிக் குற்றம் குறைந்ததா? இக்கேள்விக்கு நேர்மையான விடை சிக்கலானது. தடை வந்தபின் முதற் சில ஆண்டுகளிலே கைத்துப்பாக்கி கொண்டு செய்யப்பட்ட குற்றங்கள் குறையவில்லை; கூடின. தடையை எதிர்த்தோர் அதனைக் காட்டி நகைத்தனர். பின்னர் அத்தொகை இறங்கத் தொடங்கியது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் தடைச் சட்டத்தோடு நேரடித் தொடர்பு குறைவு என்றே கொள்ளவேண்டும். குற்றக் கும்பல்கள் கையாண்ட ஆயுதங்கள், விளையாட்டுக் கழகங்களின் இரும்பலுமாரிகளிலிருந்து வந்தவையல்ல. வெற்றுவெடித் துப்பாக்கிகளையும் காற்றுத் துப்பாக்கிகளையும் மாற்றியமைத்தவை பல; வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்தவை பல. ஆகவே கிரீன்வுட் கூறியது ஒருபாற் சரியாயிற்று. மறுபாலைப் பார்த்தால், 1997 க்குப் பின்னர் அந்நாட்டில் எந்தப் பாடசாலையிலும் டன்பிளேனைப் போன்ற ஒன்று மீண்டும் நிகழவில்லை. 2012 க்குப் பிந்திய பத்தாண்டிலே இங்கிலாந்திலும் வேல்சிலும் சேர்த்துத் துப்பாக்கியாற் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் முப்பது பேரளவினரே. ஏறத்தாழ ஆறு கோடி மக்கள் வாழும் நிலத்துக்கு அது சிறிய தொகை.

ஆயினும் வேட்டைத் துவக்குகள் இன்றும் அங்கே சட்டப்படி மக்கள் கையில் இருக்கின்றன. அவற்றினால் நேர்ந்த ஒன்றையும் கூறவேண்டும். 2021 ஆகஸ்ட் 12 இல் பிளிமத் நகரின் கீஹம் பகுதியில் ஓர் இளைஞன் தன் தாயையும், மூன்று வயதுக் குழந்தை ஒன்றையும், வேறு மூவரையும் சுட்டுக் கொன்று தானும் இறந்தான். அவன் முந்திய ஆண்டிலே பூங்காவொன்றில் இரு பதின்வயதினரைத் தாக்கியமைக்காக அவனது துவக்கும் சான்றிதழும் பொலிஸாராற் பறிக்கப்பட்டிருந்தன. கொலைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, ஜூலையில், அவை இரண்டும் அவனிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2023 இல் நடந்த மரண விசாரணையில் நடுவர்கள், அப்பகுதிப் பொலிஸின் அனுமதிப் பிரிவிலே பாரதூரமான தவறுகள் நிகழ்ந்தன என்று தீர்ப்பளித்தனர். சட்டம் பறித்தது, அலுவலகம் திருப்பிக் கொடுத்தது.

இதே பாடத்தை நியூசிலாந்தும் கற்றது. அந்நாட்டின் 1983 ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்கு அனுமதி வழங்கியது. சாதாரண நீள்துப்பாக்கிகள் ஒவ்வொன்றையும் பதிவுசெய்யவில்லை. நல்ல மனிதன் என்று ஒருவரைத் தேர்ந்துவிட்டால், அவரிடம் எத்தனை துப்பாக்கிகள் இருந்தால் என்ன என்பது அதன் தத்துவம். துப்பாக்கிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1997 இல் நீதிபதி தோர்ப் தந்த அறிக்கை கிடப்பில் இடப்பட்டது. 2019 மார்ச் 15 இல் கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், 2017 இல் அந்நாட்டு அனுமதிப்பத்திரத்தை முறையாகப் பெற்றவன். விண்ணப்பகாரரை நன்கறிந்த நெருங்கிய உறவினர் ஒருவர் சான்று கூற வேண்டும் என்பது வழக்கம். இவனுக்குச் சான்று கூறியவர்களோ, கணினி விளையாட்டின் வழியாகப் பழகிய ஒரு நண்பரும் அந்நண்பரின் பெற்றோருள் ஒருவருமே. அவனை உண்மையாகவே அறிந்த எவரிடமும் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. பொலிஸார் இதிலே உரிய முறையைப் பின்பற்றவில்லை என்று அரச ஆணைக்குழு பின்னர் எடுத்துரைத்தது. இன்னுமொரு விந்தை: சிறிய குண்டுக்கூடு பொருத்தினால் சாதாரண அனுமதியுள் அடங்கும் துப்பாக்கி, பெரிய குண்டுக்கூடு பொருத்தினால் விசேட அனுமதி வேண்டும் துப்பாக்கியாகிவிடும். ஆனால் அப்பெரிய கூட்டை எவரும் அனுமதியின்றிக் கடையிலே வாங்கலாம்! கொலைகள் நிகழ்ந்து ஒரு மாதத்துள்ளே, 119 வாக்குகளுக்கு எதிராக ஒரே ஒரு வாக்கு என்ற கணக்கில், அத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. ஐம்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டவை அரசினாற் திரும்ப வாங்கப்பட்டன. தோர்ப் கேட்ட பதிவேடு 2023 ஜூனிலே திறக்கப்பட்டது.

இதுவரை கூறியவை அனுமதி பெற்றவனே கொலைஞனாகிய கதைகள். இவை பெரிய துயரங்கள். ஆனால் தொகையளவில் அரிதானவை. அன்றாடக் குற்றத்தைப் பற்றி அறிவதற்கு அமெரிக்காவைத்தான் நோக்கவேண்டும். ஏனெனில் மக்களிடம் உள்ள துப்பாக்கிகள் மக்கள்தொகையையே விஞ்சும் நாடு அது ஒன்றே எனலாம். ஆயுதம் வைத்திருத்தல் தனிமனிதனின் அரசியலமைப்பு உரிமை என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. ஆங்கே அரசாங்கத்தின் நீதிப் புள்ளிவிபரப் பகுதியினர் 2016 இல் சிறைக் கைதிகளிடமே சென்று, குற்றஞ் செய்தபோது உங்களிடம் இருந்த துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தனர். ஐந்திலொரு பங்கினர் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். அவர்களுள் கடையிலே முறைப்படி பெற்றதாகக் கூறியோர் பத்துக்கு ஒருவர் அளவினர். நூற்றுக்கு 43 பேர் தெருவிலோ கள்ளச் சந்தையிலோ பெற்றதாகக் கூறினர். உறவினரிடமும் நண்பரிடமும் பெற்றோர் நாலிலொரு பங்கினர். தாமே திருடியதாகக் கூறியோர் நூற்றுக்கு ஆறு பேர்.

இக்கணக்கைக் கேட்டவுடன், 'பாருங்கள், சட்டத் துப்பாக்கிக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை' என்று ஒரு சாரார் கூறுவர். ஆனால் அந்தத் தெருச் சந்தைக்குத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? அது வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவிலே கள்ளச் சந்தையிற் புழங்கும் துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை தொழிற்சாலையிலே முறைப்படி செய்யப்பட்டு, உரிமம் பெற்ற வியாபாரியாற் சட்டப்படி முதலில் விற்கப்பட்டவை. ஒருவர் தம் பெயரில் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பார். ஒருவர் வீட்டிலிருந்து களவு போகும். ஒருவர் காரிலே பூட்டாமல் விட்டுச் செல்வார். கூட்டரசின் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்குபவரின் பின்னணி விசாரிக்கப்படும். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது அச்சட்டம் அவ்விசாரணையைக் கட்டாயப்படுத்துவதில்லை. எனவே அங்கே நல்ல துப்பாக்கி, கள்ளத் துப்பாக்கி என்று இரண்டு இனங்கள் கிடையா. ஒரே துப்பாக்கி இளமையில் ஒன்றாகவும் முதுமையில் மற்றொன்றாகவும் இருக்கிறது.

துப்பாக்கி மிகுந்தாற் குற்றம் குறையும் என்று வாதிக்கும் ஆராய்ச்சியாளரும் அங்கே உளர். ஜோன் லொட் என்பவர் 1998 இல் வெளியிட்ட நூலிலே, பொதுமக்கள் மறைவாக ஆயுதம் ஏந்திச் செல்ல அனுமதித்த மாநிலங்களிற் குற்றம் குறைந்தது என்று கணக்குக் காட்டினார். அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு, 2004 இல், அச்சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ உறுதியாகக் கூறுவதற்குச் சான்று போதாது என்று முடிவு செய்தது. கற்றவர்கள் இவ்வாறு தடுமாறும்போது, தெருவிலே இரு சாராரும் தமக்கு வேண்டிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உரக்கப் பேசுவதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு விடயத்திலே தடுமாற்றம் குறைவு. துப்பாக்கியால் நேரும் இழப்பிற் பெரும்பகுதி குற்றவாளியின் கையால் நேர்வதன்று. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே துப்பாக்கியால் உயிரிழந்த 48,830 பேரிற் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அவர்கள் எந்தக் கொள்ளைக்காரனுக்கும் இரையாகவில்லை. வீட்டைக் காக்கவென்று வாங்கிய கருவியே வீட்டவரை உண்டது. சாக விரும்பியவன் வேறு வழியிற் செத்திருப்பான் என்று சிலர் கூறுவர். அது பிழை என்பதற்கு வேறெங்கும் போகவேண்டாம். நம் நாடே சான்று. ஒரு காலத்திலே தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது இலங்கை. 1995 இல் மிகக் கொடிய கிருமிநாசினிகளும், 1998 இல் எண்டோசல்பனும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. 1996 தொடங்கிய பத்தாண்டிலே தற்கொலை வீதம் பாதியளவுக்கு இறங்கியது. மனிதரின் கவலைகள் அப்பத்தாண்டிற் பாதியாகிவிடவில்லை. போரும் நடந்துகொண்டுதான் இருந்தது. கைக்கெட்டிய தூரத்திலே நஞ்சு இல்லாமற் போயிற்று; அந்தக் கொடிய நாழிகை கடந்தது; ஆள் பிழைத்தார். சுவிற்சர்லாந்திலும் 2003 இல் படையின் அளவைக் குறைத்தபோது, வீட்டிலே படைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆடவர் தொகை குறைந்தது. அவ்வயதினரிடையே தற்கொலைகளும் குறைந்தன. கிருமிநாசினிப் போத்தலுக்குப் பொருந்தும் நியாயம் துவக்குக்கும் பொருந்தும்.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டிப் பார்ப்பது தவறாகும். நம் நாட்டுப் பாதாளக் கும்பல்கள் பெரிதும் கையாள்வது ரீ-56 போன்ற படைத்துப்பாக்கிகளை. அவை எந்தக் காலத்திலும் கமக்காரருக்கு அனுமதியோடு விற்கப்பட்டவையல்ல. 2009 இல் முடிந்த நீண்ட போரிலே சிதறியவையும், படையை விட்டோடியவர்களோடு வெளியேறியவையும் அவற்றுட் பல. சிங்களத்திலே 'கல்கட்டஸ்' எனவும், வன்னியிலே 'இடியன்' எனவும் வழங்கும் நாட்டுத் துவக்குகளோ ஊர்க் கொல்லுப்பட்டறைகளிற் பிறப்பவை; பிறப்பிலேயே அனுமதியில்லாதவை. இந்த இருவகையையும் ஒதுக்கிவிட்டால், அனுமதி பெற்ற வேட்டைத் துவக்கு நம் நாட்டின் கொலைகளிற் கொள்ளும் பங்கு சிறிது என்றே கருதுகிறேன். கச்சேரி வாசலிலே நிற்கும் கமக்காரரின் கேள்விக்கு இந்த அளவில் நியாயம் உண்டு.

ஆனால் அவரது துவக்கு எப்போதும் அவர் கையிலேயே இருந்ததா? 1971 ஏப்ரல் 5 ஆம் திகதி இரவு பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய கிளர்ச்சிக்காரரின் கைகளிலே கைக்குண்டுகளோடு வேட்டைத் துவக்குகளும் இருந்தன. 1987 தொடங்கி 1989 வரை தெற்கிலே நடந்த இரண்டாவது கிளர்ச்சியின்போது, இரவிலே கதவைத் தட்டி, 'துவக்கைத் தா' என்று கேட்டு வாங்கிச் செல்வது ஊரூராக நடந்தது. எந்த வீட்டிலே துவக்கு உண்டு என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. கொடுக்க மறுத்தவரின் கதி என்ன என்பதும் ஊருக்குத் தெரியும். அமைதியான காலத்திலே பயிரைக் காக்கும் பொருள், கலக காலத்திலே வீட்டுக்கு ஆபத்தை அழைத்து வரும் பொருளாயிற்று. 2024 நவம்பரிலே, தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டமையையும் இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தல் நன்று. யாருக்கு எது கொடுக்கப்பட்டது, அது இன்று எங்கே இருக்கிறது என்று இடையிடையே கேட்டுப் பார்க்காத பதிவேடு வெறுங் கடுதாசியே.

அனுமதியைக் கடினமாக்குவதால் விளையும் ஒரு தீமையையும் மறைக்கலாகாது. பன்றி, கச்சேரி அலுவல் முடியும்வரை காத்திருப்பதில்லை. அனுமதி கிடைக்காத கமக்காரருட் சிலர் கட்டுத்துவக்கை நாடுகின்றனர். குழலை மரத்தோடு கட்டி, விலங்கு வரும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கம்பியிலே கால் பட்டால் வெடிக்கும். பட்டது யாருடைய கால் என்று அது பார்க்காது. விறகு பொறுக்கச் சென்றவர்களும், தேன் எடுக்கச் சென்றவர்களும், மாடு சாய்க்கச் சென்ற பிள்ளைகளும் கால் இழந்திருக்கிறார்கள், உயிர் இழந்திருக்கிறார்கள். யானைகளும் காயப்பட்டுப் புழுத்துச் சாகின்றன. பரணிலே விழித்திருந்து, பேணியைத் தட்டி, வானை நோக்கிச் சுடும் அனுமதித் துவக்குக்காரர் இதனோடு ஒப்பிடுகையில் எவ்வளவோ மேலானவர். அவருக்கு உரிய காலத்தில் அனுமதியை வழங்காதிருப்பதும் ஓர் உயிர்ச்சேதத்துக்கு வழியாகலாம்.

டன்பிளேனிலும் பிளிமத்திலும் கிறைஸ்ட்சேர்ச்சிலும் விசாரணை செய்தவர்கள் கண்ட குறைகளைப் பார்த்தால், துப்பாக்கியின் குழலளவைப் பற்றிய குறையிலும் ஆளைப் பற்றி விசாரியாத குறையே முந்தி நிற்கின்றது. நம் நாட்டிலே ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறை இருப்பது இவ்வகையில் ஒரு வாய்ப்பு. ஆண்டுக்கு ஒருமுறை அந்த மனிதர் அதிகாரியின் முன் வந்து நிற்கிறார். துவக்கு இரவிலே எங்கே வைக்கப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, வீட்டிலே இந்த ஆண்டு சச்சரவு ஏதேனும் பொலிஸ்வரை போயிற்றா, குடி கூடியிருக்கிறதா, மனம் நொந்திருக்கும் எவரேனும் அவ்வீட்டில் உண்டா என்று கேட்கலாம். அவரிடம் மட்டுமன்றி மனைவியிடமும் கேட்கலாம். கிராம அலுவலர் கையெழுத்தை இடுமுன் ஒருமுறை வீட்டுவாசலை மிதித்துப் பார்க்கலாம். ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும். ஆண்டின் இறுதி வாரத்திலே, வரிசை வாசலைத் தாண்டி வீதிவரை நீண்டிருக்கும்போது, அந்தக் கால் மணி நேரம் ஒருவருக்குக் கிடைக்குமா என்பதைக் கச்சேரியில் இருப்பவர்களே சொல்லவேண்டும்.